எடுத்துடுங்க சார்

– இன்னும் குத்துது டாக்டரம்மா.

– எங்க குத்துது?

– அதே சுண்டு விரல்லதான்.

– நான் இன்னும் தொடவே இல்ல தம்பி.

– அப்படியா? அப்ப பயத்துல குத்துது போல.

– மரத்துப்போக ஊசி போடுறவகிட்ட மழுப்பக் கூடாது. பயமா இருந்தா பயம்னே சொல்லிடணும். இப்ப நிஜமாவே கிள்ளுறேன். தெரியுதா?

– ம்ஹூம். ஏன் கையைத் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க?

– யாரும் தூக்கல. பலகை மேல கிடக்கு.

– எனக்கு அந்தரத்துல தொங்குற மாதிரி இருக்கே.

– ஊசி போடும்போது கை இருந்த இடத்தையே மூளை பிடிச்சிட்டிருக்கும். நல்லா மரத்திடுச்சுன்னு அர்த்தம். சார், நீங்க வரலாம். கை மரத்தாச்சு, வாய்தான் இன்னும் மரக்கல.

– வாய் இருக்கட்டும் மேடம், பேசித்தான் ஆகணும். பாருங்க, வெட்டுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை சொல்லிடுறேன்.

– சொல்றதுக்கு என்ன சார் இருக்கு? எடுத்துடுங்க.

– அதைத்தான் பேசணும். லிஃப்ட் கதவுல லேசா இடிச்சதுக்கு விரல் எலும்பு உடைஞ்சதே, அது இடிச்சதால மட்டும் இல்ல. உள்ள ஒரு கட்டி அரிச்சு அரிச்சு எலும்பை ஓடாக்கி வச்சிருந்தது. ஊசி வச்சு எடுத்த துணுக்கைப் பாத்து, சாதுவா பொல்லாததான்னு லேப்ல அறுதியா சொல்ல முடியல. கை எலும்புல வர்ற குருத்தெலும்புக் கட்டி அப்படித்தான். சாதுவானதுகூட மைக்ராஸ்கோப்புல முரடாத் தெரியும். அதனாலதான் திறந்து பாக்குறோம். எலும்புச் சுவருக்குள்ளயே அடங்கிக் கிடந்தா சுரண்டி எடுத்துட்டு, மணிக்கட்டுல இருந்து கொஞ்சம் எலும்பு எடுத்துக் குழியை அடைச்சிடுவேன். விரல் பொழைச்சுக்கும். சுவரைத் தாண்டியிருந்தாத்தான்...

– விரலை எடுப்பீங்க. தாண்டாட்டியும் எடுங்கன்னு நான் சொல்றேன். வந்த நாள்ல இருந்து சொல்றேன்.

– வந்த நாள்ல இருந்து நானும் மாட்டேன்னுதான் சொல்றேன். நல்ல விரலை வெட்டுறது என் வேலை இல்ல.

– காது குடையறதை விட்டா சுண்டு விரலுக்கு என்ன சார் வேலை?

– லிஃப்ட் மெக்கானிக் கேக்குற கேள்வியா இது? ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்கிறீங்களே, அந்தப் பிடியோட பலமே கடைசி ரெண்டு விரல்லதான் இருக்கு. சிஸ்டர், பிளேடு.

– ஆரம்பிச்சுட்டாரா டாக்டரம்மா?

– ஆரம்பிச்சுட்டார். துணித் திரையைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. வெளிய உக்காந்திருக்கிறது உங்க வீட்டுக்காரங்கதானே? வரும்போது உங்க பக்கம் திரும்பவே இல்லையே.

– பேச்சே இல்ல. டாக்டரே காப்பாத்தலாம்னு சொல்றப்போ உனக்கென்ன வீம்புன்னு கேட்டா. நான் வாயைத் திறக்கல. கோவிச்சுக்கிட்டா.

– பதில் சொல்லியிருக்கலாமே.

– சொல்லக்கூடியதா இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?

– மேடம், விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லுங்க. ம்... போதும்.

– என்ன சார் தெரியுது?

– இப்பத்தான் தசைநாரை ஒதுக்கியிருக்கேன். பொறுங்க.

– எங்க வேலையில இவ்வளவு யோசிக்க மாட்டோம் சார். கயித்துல இழை விட்டுப்போச்சுன்னா மொத்தக் கயித்தையும் கழட்டிப் போட்டுடுவோம். ஒட்டுப் போட்டு ஆள் ஏத்துறது கிடையாது.

– உங்களுக்குக் கம்பெனியில புதுக் கயிறு கொடுப்பாங்க. விரலுக்கு யார் கொடுப்பா? பாருங்க, மேல் பக்கத்துச் சுவர் மெலிசா இருக்கு, ஆனா முழுசா இருக்கு. முட்டை ஓடு மாதிரி. நல்ல சகுனம்தான்.

– அப்படின்னா?

– அப்படின்னா உங்க ஆசை நிறைவேறாது. விரல் உங்ககிட்டயேதான் இருக்கும்னு தோணுது.

– எனக்கென்னமோ எடுத்துடறதுதான் நல்லதுன்னு படுது சார்.

– மாட்டேன்னு எத்தனை தடவை சொல்றது? இப்ப ஓட்டைத் திறக்குறேன். ம். வெள்ளையா, பளபளன்னு, நொறுங்கின சுண்ணாம்பு மாதிரி வருது. குருத்தெலும்புதான். சிஸ்டர், சின்ன கரண்டி.

– அது என்ன சத்தம் டாக்டரம்மா?

– சுரண்டுற சத்தம்தான். வலிக்குதா?

– வலிக்கல. தேங்கா துருவுற மாதிரி கேக்குது. நம்ம கைன்னு நினைச்சாத்தான் ஒரு மாதிரியா இருக்கு.

– நினைக்காதீங்க. உங்க நெஞ்சு படபடன்னு அடிக்கிறதை இந்த மிஷின் ஊருக்கே சொல்லுது. கண்ணை மூடிக்கிட்டு... சார், ஏன் நிறுத்திட்டீங்க?

– ஒண்ணும் இல்ல மேடம்.

– ஒண்ணும் இல்லாமலா நிறுத்துவாரு? சார்?

– உள்ளங்கைப் பக்கத்துச் சுவர் தட்டுப்படல. கரண்டி மெத்து மெத்துன்னு போகுது.

– பழைய உடைசலா இருக்கலாமே சார்? உடைஞ்ச இடம் சரியாக் கூடாம போயிருக்கலாம்.

– இருக்கலாம் மேடம். அதுவாத்தான் இருக்கணும். இருந்தாலும் இந்த இடத்துல ஒரு துண்டு, பக்கத்துச் சதையில ஒரு துண்டு. தனித்தனியா லேபுக்கு அனுப்புங்க. காத்துட்டிருக்கேன்னு சொல்லுங்க, உடனே பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் நான் கையை வைக்க மாட்டேன்.

– சார்.

– சொல்லுங்க.

– இதுக்கு மேல எதுக்கு சார் இழுத்துக்கிட்டு? எடுத்துடுங்க.

– பாருங்க, நானும் மனுஷன்தான். பதில் வராம ஒருத்தர் விரலை எடுத்துட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாது. இன்னும் எதுவும் கைமீறிப் போகல. எடுக்க வேண்டியிருக்காதுன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்.

– சரி சார்.

– என்ன தம்பி, இவ்வளவு சீக்கிரம் அடங்கிட்டீங்க?

– தண்ணி தாகமா இருக்கு டாக்டரம்மா.

– இப்பக் கொடுக்கக் கூடாது. ஈரப் பஞ்சால உதட்டை மட்டும் துடைக்கிறேன். ஆச்சா? லிஃப்ட் கதை ஏதாவது சொல்லுங்க. நடுவுல மாட்டிக்கிட்டவங்க என்ன பண்ணுவாங்க?

– விதவிதமா பண்ணுவாங்க. கதவைத் தட்டுவாங்க, திட்டுவாங்க. சிலபேர் உள்ள இருந்தபடியே எனக்கு யோசனை சொல்லுவாங்க. நான் வெளிய நின்னு, இதோ ஆச்சு, இதோ ஆச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். அந்தக் குரல் நின்னா உள்ள இருக்கிறவங்களுக்கு உசுரே போயிடும்.

– சார், ரத்தம் வராம இருக்கக் கையில காத்துப் பட்டை கட்டி ரொம்ப நேரமாகுது. இதுக்கு மேல இறுக்கி வச்சா நரம்பு தாங்காது.

– தெரியும் மேடம். போன் வரட்டும்.

– வந்துடுச்சு சார். சிஸ்டர், சார் காதுல வைங்க.

– ஹலோ. சொல்லுங்க... ம். படத்தையும் பக்கத்துல வச்சுத்தானே பாக்குறீங்க?... ம்... எலும்போட இழைக்குள்ளயேவா?... அந்த இன்னொரு துண்டு? சதைன்னு எழுதி அனுப்பினது?... அதுலயும்... சந்தேகமே இல்லையா?... இல்ல, நான் கேக்குறது... சரி. சரிங்க. தேங்க்ஸ்.

– என்ன சார் சொன்னாங்க?

– மேடம், திரையைக் கொஞ்சம் இறக்குங்க. அவர் முகத்தைப் பாத்துப் பேசணும்.

– சொல்லுங்க சார்.

– சுவரைத் தாண்டிடுச்சு. சுத்தியிருக்கிற சதையிலயும் இருக்கு. பொல்லாத ஜாதிதான். சுரண்டி எடுத்தா மிச்சம் தங்கித் திரும்ப வளரும். இப்படி இருக்கும்னு நான் நினைக்கல. ஓடு முழுசா இருக்குன்னு உங்ககிட்ட தைரியமா வேற சொன்னேன்.

– உசுருக்கு?

– மெதுவா வளர்றது இது. விரல்ல வர்றது உடம்புக்குப் பரவுறது ரொம்ப அபூர்வம். நெஞ்சுப் படத்துலயும் ஒண்ணும் இல்ல. அடியோட எடுத்துட்டா அனேகமா இத்தோட முடிஞ்சுது. அந்த பயம் வேண்டாம்.

– அடியோடன்னா?

– விரலும், உள்ளங்கையில அதுக்கு நேரா இருக்கிற எலும்பும். கை கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். பிடி குறையும், பழகினா வேலைக்குப் போகலாம். இப்பவே செய்யணும்னு கட்டாயம் இல்ல. தையல் போட்டு மூடிடுறேன். வீட்ல பேசிட்டு அடுத்த வாரம் வாங்க.

– வேண்டாம் சார். இப்பவே பண்ணுங்க.

– வீட்டுக்காரங்களை ஒரு நிமிஷம் வாசல் வரைக்கும் வரச் சொல்லட்டுமா?

– வேண்டாம். அவளைப் பாத்தா எழுந்து ஓடிடுவேன். நீங்க பண்ணுங்க.

– சரி. மேடம், பட்டையைக் கொஞ்ச நேரம் தளர்த்திட்டுத் திரும்ப ஏத்துங்க. சிஸ்டர், எல்லாம் புதுசா வைங்க. சுரண்டின கருவி எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது. கையுறையும் மாத்தணும்.

– தம்பி, மூச்சை மெல்ல விடுங்க. மெல்ல. ஏன் இப்படி அழறீங்க? வந்த நாள்ல இருந்து எடுங்க எடுங்கன்னு நீங்களே கேட்டதுதானே?

– நான் எடுத்துடுங்கன்னு சொல்றப்போ எல்லாம் சார் மாட்டேன்னு சொல்லுவாரு டாக்டரம்மா. அதைக் கேக்கத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்.