மூன்று டஜன் முட்டை

கசில்தா: “மழைக்கு முட்டைன்னா ரொம்பப் பிடிக்குமாம்மா?” ஏழு வயசுல நம்ம அமாயா கேட்டா, ஞாபகம் இருக்கா? சித்தி கல்யாணத்துக்கு முட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பினப்போ.

ஃபெர்மின்: நீ என்ன சொன்னே?

கசில்தா: மழைக்கு இல்லடி, கன்னியர் மடத்துக்கு. முட்டை கொடுத்தா சிஸ்டருங்க ஜெபம் பண்ணுவாங்க, கல்யாணத்தன்னிக்கு மழை வராம வெயில் அடிக்கும்னேன். இப்போ சனிக்கிழமை அவளுக்கே கல்யாணம்... மெதுவாப் போயேன். டொலேடோ மேடு எங்கயும் ஓடிடாது.

ஃபெர்மின்: மேடு ஓடாது. மடத்துல ஒரு மணிக்கு மூடிடுவாங்க.

கசில்தா: எல்லாரும் ஒரு டஜன் கொடுப்பாங்க. நீ மட்டும் மூணு. மட்ரிட்ல ரயில் ஏறினதுலேருந்து மடியை விட்டு இறக்கல. பக்கத்துல இருந்தவர் நீ அடைகாக்கறேன்னு நினைச்சிருப்பார்.

ஃபெர்மின்: ரேடியோவுல பெருமழைன்னு சொன்னானே.

கசில்தா: மூணு டஜன் மழையா?... சரி, பையை இப்படிக் குடு. பொண்ணோட அம்மாதான் கொடுக்கணும்.

ஃபெர்மின்: அப்படி ஒரு சட்டமும் இல்ல. நான்தான் கொடுப்பேன்.

கசில்தா: கால் வீங்கிக் கிடக்கு உனக்கு.

ஃபெர்மின்: கையாலதானே கொடுக்கப் போறேன்.

கசில்தா: ரெண்டு பேருமாப் போவோமே...

ஃபெர்மின்: வேணாம். வாசல் வந்தாச்சு. நீ இந்தப் படியில உட்காரு. நான் தனியாப் போறேன்.

கசில்தா: பிடிச்சா ஒரே பிடி... சரி. சுவத்துல இருக்கிற சுழல் பெட்டியில வெச்சா, முகம் காட்டாம உள்ள சுத்தி எடுத்துக்குவாங்க. வெச்சுட்டு உடனே வந்துடு. உள்ள இருக்கிறவங்ககிட்ட பேச்சு வளர்த்தாதே.

*

ஃபெர்மின்: மாசற்ற மரியே வாழ்க.

சுவருக்குப் பின்னால் குரல்: பாவமில்லாம உற்பவித்த தாயே வாழ்க. கல்யாண முட்டையாப்பா? பொண்ணு பேர் என்ன?

ஃபெர்மின்: அமாயா. ஒரு டஜன்தான் அவளுக்கு, சிஸ்டர். மத்த ரெண்டும்... நான் பட்ட கடன்.

குரல்: என்ன கடன்?

ஃபெர்மின்: முப்பது வருஷத்துக்கு முன்னாடி, கல்யாணமான புதுசு. இந்த ஊர்லதான் இருந்தோம். பட்டறையை மூடிட்டாங்க. வீட்டுல சொல்ல வெட்கம். வேலைக்குப் போற மாதிரி கிளம்பி, மத்தியானம் இங்க வந்து நிப்பேன். இந்தப் பெட்டி சுத்தும்... ரொட்டிக்குள்ள சூடா முட்டை அடை. குளிர்காலம் முழுக்க. பேரைக்கூட யாரும் கேட்கல.

குரல்: ...இருமிக்கிட்டே “கடவுள் பலன் கொடுப்பார்”னு சொல்லிட்டுப் போவியே. நீயா?

ஃபெர்மின்: ஆமா. நீங்களா சிஸ்டர்?

குரல்: அப்போ நான் புதுசு. ரொட்டி எங்களோடது. முட்டை எங்களோடது இல்லப்பா.

ஃபெர்மின்: பின்னே?

குரல்: குளிர்காலத்துல யார் கல்யாணம் பண்றாங்க? எங்களுக்கு ஏது முட்டை? ஒரு பொண்ணுதான் திங்கட்கிழமை தவறாம ஒரு டஜன் கொண்டுவந்து வெப்பா. நீ இங்க நிக்கிறதை ஒருநாள் பார்த்துட்டாளாம். “மத்தியானம் இருமிக்கிட்டு வர்றவருக்குக் கொடுங்க. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்”னா.

ஃபெர்மின்: கசில்தா...

குரல்: உன் பொண்டாட்டியாப்பா?

ஃபெர்மின்: ஆமா... அவ அப்போ வீட்டு வேலைக்குப் போய்க்கிட்டிருந்தா, சிஸ்டர். கையெல்லாம் வெடிச்சுக் கிடக்கும்.

குரல்: சொல்லியிருக்கக் கூடாதோ என்னமோ. எனக்கும் வயசாச்சு... அந்த ரெண்டு டஜனைத் திருப்பி எடுத்துக்கறியா?

ஃபெர்மின்: இப்பவும் மத்தியானத்துல யாராவது வர்றாங்களா?

குரல்: ஒருத்தர் வர்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில ஆபீஸ் பைன்னு வாசல் பெருக்கறவ சொன்னா. அரை மணி நின்னுட்டுப் போவார்.

ஃபெர்மின்: அப்போ பெட்டியைச் சுத்துங்க. அந்த ரெண்டு டஜனும் அவருக்கு. யார் கொடுத்தாங்கன்னு சொல்ல வேணாம்.

குரல்: வாசல்ல அவ காத்திருக்காளா? என்ன சொல்லப் போற?

ஃபெர்மின்: சனிக்கிழமை வெயில் அடிக்கும்னு சொல்லுவேன். சிஸ்டர்... எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவளுக்குத் தெரிய வேணாம்.

குரல்: நான் உன்னைப் பார்த்ததே இல்லையேப்பா.