ரம் ஆலையில் பிள்ளைகள் இல்லை

— கதவைச் சாத்திட்டு உட்காரு நெரெய்டா. ஒரே கேள்விதான். உனக்குக் குழந்தை இருக்கா?

— இல்லீங்க முதலாளி.

— நல்லா யோசிச்சுச் சொல்லு.

— இதுல யோசிக்க என்ன இருக்கு... வேலைக்குச் சேரும்போதே கேட்டீங்க, இல்லைன்னேன். இப்பவும் இல்லை.

— பாட்டில் நிரப்புற மத்த பொண்ணுங்களுக்கு?

— ஒருத்திக்கும் கிடையாது. பிள்ளைக்காரிக்கு இங்க வேலை இல்லைன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க. ஆலை பூரா பிள்ளையில்லாத சீமாட்டிங்கதான்.

— அது அப்போ...

— இப்போ என்ன வந்துச்சு?

— ஒரு சலுகை வந்திருக்கு. வேலையாளுங்க பிள்ளைங்களுக்கு ஆலையிலயே காப்பகம் வச்சா, அந்தச் செலவுல ஒரு பங்கை ரம்முக்குக் கட்டுற வரியில கழிச்சுக்கலாமாம். ஃப்ளோரிடா அரசாங்கமே சொல்லுது.

— பிள்ளைங்க பால் குடிக்கக் குடிக்க, உங்க ரம்முக்கு வரி குறையும்.

— கிட்டத்தட்ட.

— அப்ப வைங்களேன் காப்பகத்தை.

— வச்சாச்சு. தொட்டில் வந்தாச்சு, சுவத்துல முதலை வரைஞ்சாச்சு. நாளைக்கு அதிகாரி பார்க்க வர்றார். பிள்ளைதான் இல்லை.

— முதலை சிரிக்குதா?

— சிரிக்குது.

— பாவம், பசியா இருக்கும்.

— கிண்டல் பண்ணாத. ஒரே ஒரு பிள்ளைக்காரியைக் காட்டு, போதும்.

— காட்டினதும் சீட்டைக் கிழிப்பீங்க. தூண்டில்ல புழுவுக்குப் பதிலா தொட்டில்...

— சத்தியமாக் கிழிக்க மாட்டேன்.

— எழுதிக் குடுங்க.

— என் வார்த்தை போதாதா?

— போன வருசம் பீப்பாயில ஊத்துன ரம்முக்கு அஞ்சு வருசப் பழசுன்னு லேபிள் ஒட்டுறவர் வார்த்தை... எழுதிக் குடுங்க.

— ...இந்தா. கையெழுத்தும் போட்டாச்சு. சொல்லு.

— எனக்கு ரெண்டு.

— ரெண்டா?

— யாமிலாவுக்கு மூணு. பெட்ரினாவுக்கு ஒண்ணு கையில, ஒண்ணு வயித்துல.

— அடிப்பாவி... வாயுத் தொல்லைன்னுல்ல சொன்னா. இத்தனையும் எங்க இருக்கு?

— பீப்பாய்க் கொட்டகையில.

— அங்க பேய்தானே இருக்கு. அழுகைச் சத்தம் கேக்குமே...

— பேய்னு முடிவு பண்ணுனது நீங்க. நாங்க எதிர்த்துப் பேசலை, அவ்வளவுதான்.

— டிக்கெட் போட்டு ஊரையே கூட்டிட்டு வந்து காட்டியிருக்கேனே...

— போன மாசம் பேய்க்குப் பல்லு முளைச்சப்ப நல்ல கூட்டம்.

— யார் பார்த்துக்கறது?

— நீங்க காவலுக்கு வச்ச ஆர்வில்தான்.

— அதான் கேட்ல ஆளையே காணோமா?

— தாலாட்டு பாடிக்கிட்டு கேட்ல எப்படி நிப்பாரு?

— சரி, தொலையுது. விடிஞ்சதும் எல்லாத்தையும் காப்பகத்துக்குக் கொண்டுவந்துரு. அப்புறம்... கணக்குல இன்னொண்ணும் சேர்த்துக்க.

— யாருது?

— என் பேரன். பொண்ணு மயாமில வேலைக்குச் சேர்ந்திருக்கா... பிள்ளை இல்லைன்னு சொல்லிச் சேர்ந்திருக்கா.

— ஓகோ... அந்த ஊர் முதலாளியும் கேக்குறாரா?

— சும்மா இரு. ஒரு வாரமா என் ரூம்லதான் பையனை வச்சுப் பூட்டிட்டு மீட்டிங் போறேன். தங்கமான பிள்ளை, சத்தமே போடுறதில்லை. இது வெளிய தெரியக்கூடாது.

— உங்க ரூம் சாவி ஆர்வில்கிட்டயும் ஒண்ணு இருக்குது முதலாளி. நீங்க திரும்பி வர்றப்ப பையன் குளிச்சு, பவுடர் பூசி, வயிறு நிறைஞ்சு தூங்குறானே... அதெல்லாம் அவனே பண்ணிக்கிட்டான்னா நினைச்சீங்க?