பெல்சியோரின் தொட்டி

கையெழுத்து எங்கயும் ஓடிடாது, நீ மொதல்ல உக்காரும்மா. பெல்சியோர் மகள்னு வாசல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ நேரம் வெயில்ல நிக்க விட்டிருப்பேனா? டூரிஸ்டுன்னு நெனச்சேன். இப்பல்லாம் அவங்கதான வர்றாங்க, நம்ம பண்ணைக்கு வழி கேட்டுக்கிட்டு. நம்ம பண்ணைங்கறேன் பாரு. முதலாளி மகன் திரும்பப் புடிச்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அலிகாந்தே ஒயின்னு தங்கக் காகிதம் ஒட்டி விக்கிறான்.

ஆமா, கவுன்சில்ல சொன்னாங்க. எழுபத்தஞ்சுல முதலாளிகிட்டேந்து பண்ணையக் கைப்பத்தின கூலிக்காரங்க பேரெல்லாம் கல்லுல வெட்டிச் சதுக்கத்துல வைக்கப் போறாங்களாம். நாப்பத்தோரு பேரு. உங்கப்பன் பேரு அதுல இல்ல. நம்ம கூட்டம்தான அவன நீக்குச்சு? கமிட்டி அஞ்சு பேருல நான் ஒருத்தன்தான் பாக்கி. எர்மீனியோ கையெழுத்துப் போட்டா சேத்துக்கறோம்னு ஒன்ன என்கிட்ட தள்ளி விட்டுட்டாங்க.

அவன நீக்கினப்ப ஒட்டின நோட்டீஸா? காட்டு. பர்ஸுலயே வெச்சிருந்தானா, சாகற வரைக்கும்? நாட்ட விட்டுப் போயி லியோன்ல கட்டட வேல செஞ்சப்பவும்? ம். நான் எழுதினதுதான், இல்லன்னு சொல்லல. முதலாளியின் கை இன்னும் நம் தொட்டிக்குள். நல்ல தலைப்பு. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல. சர்வாதிகாரக் காலத்துல ஒளிச்சு வெச்ச கட்சி நோட்டீஸப் பாத்துதான் எழுத்தே கத்துக்கிட்டேன். அதுக்கு ரெண்டு வருஷம் ஜெயிலு, பல்லு நாலு போச்சு. இன்னைக்குக் கொடி புடிக்கிற பயலுக ஒருத்தனுக்காவது அடி விழுந்திருக்குமா சொல்லு.

உங்கப்பன் எங்கள மாதிரி கூலி இல்லம்மா. கிடங்குல ஒயின் பாக்கறவன். முதலாளி வீட்டு அடுப்பங்கரையில சாப்பிட்டவன். அந்தக் கோவம் எங்களுக்கு இருந்துச்சு, மறைக்க மாட்டேன். ஆனா கைப்பத்தின அன்னைக்கு கிடங்குச் சாவியத் தூக்கிக்கிட்டு மொத ஆளா எங்க பக்கம் வந்து நின்னதும் அவன்தான். அதையும் சொல்லணும்ல.

அந்த அலிகாந்தே ஒரு வெவகாரமான திராட்ச. மத்த கறுப்பு திராட்சைய பிச்சுப் பாரு, உள்ள சதை வெள்ளையா இருக்கும். தோல்லேந்து நெறம் எறங்க நாள் கணக்காகும். இது உள்ளயே ரத்தம். கால வெச்சு ஒரு மணி நேரம் மிதிச்சா முட்டி வரைக்கும் கருஞ்செவப்பு, ஒரு மாசத்துக்குப் போகாது. முதலாளி காலத்துல அத வெளுத்த ஒயினுக்குச் சாயமாத்தான் அனுப்புவான். நாங்க சொன்னோம், இனிமே இது சாயம் இல்ல, இது எங்க ஒயின்னு.

மொத அறுவடைய யாருக்கு அனுப்பினோம் தெரியுமா? செத்தூபல் கப்பல் பட்டறைத் தோழர்களுக்கு. ஸ்ட்ரைக் சமயத்துல எங்களுக்கு டிராக்டர் ரிப்பேர் பண்ணிக் குடுத்தவங்க. லாரி முழுக்கப் பீப்பாய், மேல செங்கொடி, அதுக்கும் மேல நான். ஊரே கை தட்டுச்சு.

புது வருஷத்துக்கு அங்க பீப்பாயத் தொறந்திருக்காங்க. பதில் வந்துச்சு: தோழர்களே, சாலடுக்கு வினிகர் அனுப்பினதுக்கு நன்றி. சிரிக்காத. சரி, சிரி. எனக்கு அன்னைக்கு வெஷம் குடிச்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம்தான் அந்தக் கூட்டம். வேணும்னே கெடுத்துட்டான்னு நான் பேசினேன். சுல்மீரான்னு ஒருத்தி, ஆலிவ் பொறுக்கற குரூப்புக்கு அவதான் தலைவி, எந்திரிச்சுக் கத்தினா. யோவ் எர்மீனியோ, தான் பெத்த புள்ளைக்கு எவனாவது வெஷம் வெப்பானாய்யா, ஒன் வாய்க்கு ஒரு பூட்டு போட ஆளில்லையான்னா. நல்லவதான். ஆனா நான் பேசினா கை தூக்குவாங்க. தூக்கினாங்க. உங்கப்பன் தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னான். சாவிய மேசையில வெச்சுட்டுப் போயிட்டான்.

பேனாவக் குடு. எங்க, இங்கயா? ...ம், போட்டாச்சு. பேர சரியா வெட்டறானான்னு பக்கத்துல நின்னு பாரு, அந்தக் கல்தச்சன் குடிகாரன்.

அதுக்குள்ள எந்திரிச்சா எப்படி? ரொட்டி இருக்கு, ஆலிவ் இருக்கு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. நீ எப்பப் பொறந்த? செப்டம்பர்தான? இருவத்தி மூணா. எனக்குத் தெரியும், கேட்டேன், அவ்ளோதான்.

மிதிக்க ஆரம்பிச்ச ரெண்டாம் நாளு, உங்கம்மாவுக்கு வலி எடுத்திருச்சுன்னு ஆள் வந்துச்சு. ரொட்டி வண்டியில ஏறி எவோரா ஆஸ்பத்திரிக்கு ஓடினான் உங்கப்பன். போறப்ப என்கிட்ட சொன்னான், இந்த திராட்சையில கண்ண நம்பாத எர்மீனியோ, நாள் கணக்கா பொங்கி அடங்கணும், இல்லன்னா புளிச்சிரும், நான் வர்ற வரைக்கும் தொட்டி அடைப்ப எடுக்காதன்னு. மறுநாள் லாரி வந்து நின்னுச்சு. பத்திரிகைக்காரன் கேமராவோட நிக்கிறான். தொட்டியில பாத்தா மை மாதிரி கறுப்பு. இதுக்கு மேல என்ன ஆகணும், முதலாளி வீட்டுச் சோறு தின்னவன் நமக்குப் பாடம் எடுக்கறானான்னு நான்தான் அடைப்ப எடுத்துப் பீப்பாய்ல எறக்கினேன்.

அடுத்த நாள் காலையில வந்தான். வெறுந்தொட்டி. வெரல வெச்சு நக்கிப் பாத்தான். என்னப் பாத்தான். அப்புறம் பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னான். இந்த ஊர்ல மொதல்ல என்கிட்டதான் சொன்னான்.