சிரித்தது நீங்களல்ல!

கதவைத் திறந்தே கைத்தட்டல் வாங்கியவரே! கால் நிமிடம் வந்து போனாலும் காட்சியையே களவாடிச் செல்பவரே! கல்லில் செதுக்கிவைத்தது போன்ற முகத்தால் காண்போர் வயிற்றையெல்லாம் புண்ணாக்கிய கலைஞரே! முப்பத்திரண்டு ஆண்டுகள், இருநூற்றுப் பதினான்கு படங்கள், அத்தனையிலும் ஒருமுறைகூடச் சிரிக்காத எங்கள் ஆர்வில் ட்ரஸ்காட் அவர்களே! வணக்கம், வணக்கம், இன்னொரு வணக்கம்!

நாயகன் மண்டியிட்டுக் காதலைச் சொல்லப்போகும் நேரம் பார்த்து "சூப் ஆறுதுங்க" என்று தலையை நீட்டிய பணியாளர் நீங்கள். அறையே இல்லாத விடுதியில் ஆறு சாவியை அடுக்கிவைத்த குமாஸ்தா நீங்கள். தூக்கத்திலேயே தீர்ப்புச் சொன்ன நீதிபதியும், கல்யாணம் செய்துவைக்க வந்து மணமகளின் பெயரை மறந்துபோன பாதிரியாரும் நீங்களே! ஹாலிவுட்டில் நாயகர்கள் வருவார்கள், போவார்கள். மூன்று தலைமுறை நாயகர்களுக்கு நீங்கள் ஒருவரே கோட்டு மாட்டிவிட்டிருக்கிறீர்கள். மூன்றாம் தலைமுறைக்குப் பல் முளைக்கும் முன்பே நீங்கள் நடிக்க வந்துவிட்டீர்கள்!

தளத்துத் தொழிலாளர்களான எங்கள் பாடுதான் யாருக்குத் தெரியும்? காமிரா ஓடும்போது ஒன்பதாம் படப்பிடிப்புத் தளத்தில் மூச்சு விடலாம், சிரிக்கக் கூடாது. சிரித்தால் அது ஒலிநாடாவில் ஏறிவிடும், எடுத்த டேக் முழுதும் பாழ். ஆகவே நீங்கள் உள்ளே நுழைந்தால் தச்சர்கள் கைக்குட்டையைக் கடித்தார்கள். சாரத்தின் மேலிருந்த விளக்குக்காரர்கள் தொப்பிக்குள் முகம் புதைத்தார்கள். ஒப்பனைக்காரப் பெண்கள் வெளியே ஓடி, தண்ணீர்த் தொட்டியருகே நின்று சிரித்துத் தீர்த்துவிட்டு வந்தார்கள். ஐயா, பேசும்படம் வந்த நாள் முதல் எங்களை இந்தப் பாடு படுத்தினீர்களே, இது நியாயமா?

சரி, எல்லோரும் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறோம். இந்தப் பிரிவு விருந்தின் முன்வரிசையில் தட்டும் கையுமாக அமர்ந்திருக்கும் தயாரிப்பாளர் கிரீல் அவர்களும் செவிசாய்க்க வேண்டுகிறோம்.

மார்ச் மாதம், படப்பிடிப்பின் கடைசி நாள், கடைசிக் காட்சி. ஐந்தடுக்குக் கல்யாணக் கேக்கைத் தலைக்கு மேல் ஏந்தி, ஆடுகிறவர்கள் நடுவே நீங்கள் வந்த அழகை என்னென்போம்! விழும் விழும் என்று நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, விழவில்லை! பத்திரமாக மேசையில் வைத்தீர்கள், காமிராவுக்கும் எங்களுக்கும் முதுகைக் காட்டித் திரும்பினீர்கள், கழுத்துப் பட்டையைச் சரிசெய்தீர்கள், "அப்பாடா" என்று சாய்ந்தீர்கள். முழங்கை மூன்றாம் அடுக்குக்குள் போயிற்று! அந்த நொடியில் தளத்தில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். இருந்தது ஒரே கேக். அரங்கையோ மறுநாள் காலையில் பிரிக்க வேண்டும்; மறுபடி எடுக்க வழியில்லை.

"யாருய்யா சிரிச்சது?" என்று கிரீல் அவர்கள் கத்தினார். சிரித்தவர் முன்பே ஒருமுறை எச்சரிக்கை வாங்கியவர். இன்னொரு முறை என்றால் சீட்டுக் கிழிந்துவிடும்.

"நான்தாங்க," என்றீர்கள் நீங்கள். "அடக்க முடியல."

"ஏன்யா ஆர்வில், உன் கூத்துக்கு நீயே சிரிச்சா டிக்கெட் வாங்கினவன் என்ன பண்ணுவான்? வயசாயிடுச்சுய்யா உனக்கு. வெட்டித் தூக்குங்க அந்தக் காட்சிய!"

மறுவாரமே நீங்கள் ஓய்வுக் கடிதம் கொடுத்தீர்கள். உணவுக்கூடத்தில் நேற்று வந்தவனெல்லாம் "தன் வேடிக்கைக்குத் தானே சிரிச்ச கிழவன்" என்று பேசினான். முகத்தையே மூலதனமாக வைத்துப் பிழைத்த மனிதருக்கு அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? சிரித்தவர் உங்கள் வீட்டுக்கே வந்து அழுதார். "ஏண்ணே பழிய ஏத்துக்கிட்டீங்க?"

"போடா போ. உனக்கு நாலு பிள்ளைங்க. எனக்கு இருக்கிறது ஒரு பூனை. அது படம் பார்க்காது."

பூனை பார்க்காது, ஐயா. ரிவர்சைடு ஊர் பார்த்தது! சென்ற சனிக்கிழமை மதியம், படம் வெளிவருமுன், இன்ன படமென்று ஊருக்குச் சொல்லாமல் போட்டுக்காட்டிய முன்னோட்டக் காட்சியில், வெட்டியிருக்க வேண்டிய கேக் திரையில் வந்து நின்றது! நீங்கள் வரவில்லை, நாங்கள் பின்வரிசையில் பதுங்கியிருந்தோம்.

"தெல்மா, இது எப்படி இங்க வந்துச்சு?" என்று கிரீல் அவர்கள் படத்தொகுப்பாளர் தெல்மா அம்மையாரைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்ட மறந்துட்டேங்க. எனக்கும் வயசாகுது பாருங்க."

முழங்கை உள்ளே போயிற்று. அடடா, அடடா! அரங்கமே குலுங்கியது! ஒரு பெரியவர் நாற்காலியிலிருந்து வழுக்கியே விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கிரீல் அவர்கள் கேட்டார்: "அந்தப் பாழாப்போன சிரிப்பு எங்கம்மா?"

"முந்நூறு பேர் சிரிக்கறாங்க. அதுல எதுன்னு நான் கண்டேன்?"

"சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றார் அவர். காட்சி பிழைத்தது, கிரீல் அவர்களுக்கு நன்றி. ஆனால் பழி உங்கள் தலையிலேயே இருக்கிறது. அதைத் தலையில் வைத்தபடி உங்களை வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

எனவே, எல்லோரும் அறிய இதைச் சொல்கிறோம்: ஆர்வில் ட்ரஸ்காட் அன்றும் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளில் என்றுமே சிரித்ததில்லை.

உங்கள் முழங்கால்கள் முனகாமல் இருக்கட்டும். உங்கள் காபி ஆறாமல் இருக்கட்டும். நூறு வயதிலும் உங்களைப் பார்க்கும் அடுத்த வீட்டுக்காரர் காரணம் தெரியாமல் சிரிக்கட்டும். அன்பும் பெருமையும் பொங்கிவர இம்மடலை உங்கள் கையில் தருகிறோம்.

கிரீல் அவர்களே, சிரித்தவர் யாரென்று நீங்கள் கேட்பீர்கள். பெயர்களைக் கீழே முழுமையாகத் தந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
அன்று சிரித்தவர்கள்:
ஒன்பதாம் தளத்துத் தொழிலாளர் நாற்பத்தொரு பேரும்
(கையெழுத்துகள்)
மே 1957