சொல்லாமல் வந்த வீடு

மேட்டுப்பாளையம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு வயதான தம்பதி. துடியலூர் தாண்டியதும் கணவர் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். நான் போனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"எழவு ஊட்ல கெளம்பறப்ப 'போய்ட்டு வாரேன்'னு சொல்லிப்போடாத அம்மணி. மறுக்கா எழவுக்கு வாரதாட்டம் ஆயிரும். இது ஆப்பிரிக்கா இல்ல."

"அங்கயும் மொதல்ல போன எழவு ஊட்ல சொல்லாமத்தானுங்க கெளம்பி வந்தோம்."

"நம்ம வழக்கம் அது. சபையில அத்தன தூரம் ஊழியத்துக்கு அனுப்புனா மறந்துருமா?"

"ஜெபம் பண்ணிப்போட்டு சத்தமில்லாம நடந்துட்டோம். புருசனப் பறிகுடுத்தவ, நாம பக்கத்துல எங்கயோ போயிருக்கறோம், வந்துருவோம்னு பொழுது சாயற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தா."

"மக்கா நாள் விடிஞ்சதும் போயி மன்னிப்புக் கேட்டமல்ல."

"கேட்டோம். அப்பறம் மூணு வருசமும் எல்லா எழவு ஊட்லயும் சொல்லிட்டுத்தானுங்க கெளம்புனோம். என்ன ஆயிப்போச்சு?"

கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது அக்கா ஊடு. மச்சான் போயி ரெண்டு நாளுதான் ஆச்சு. சனம் என்ன பேசும்?"

"சனமெல்லாம் பொழுதோட போயிருமுங்க. உங்கக்கா மட்டுந்தான் வாசலப் பாத்துட்டு இருப்பாங்க."

பெரியநாயக்கன்பாளையத்தில் நடத்துநர் விசில் அடித்தார். இருவரும் எழுந்தார்கள். கணவர் முதலில் இறங்கி, மனைவிக்குக் கை கொடுத்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார். "'போய்ட்டு வாரேன்'னு நானே சொல்லிக்கறேன். என்ற அக்காவாச்சே."