நாலாவது தட்டு

பெட்ரா: வயலினை நிறுத்துங்க கிளாரி, நிறுத்துங்க... வால்ட்ஸ் நடனத்துக்குத் தாளம் மூணு தட்டுதானே? அந்த ஒரு இடத்துல நாலு வருதே!

கிளாரி: வரும். எங்க அண்ணன் லிண்ட்ஸே பண்ணின தப்பு. அவனைப் புதைச்சு ரெண்டு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டே. கெட்டிக்காரிதான்!

யூனா: தப்பாம்! இந்த ஹுவான் பள்ளத்தாக்கு பூரா அப்படித்தான் ஆடுது. நீ இந்த ஸ்கோன் ரொட்டியை எடுத்துக்கோம்மா.

கிளாரி: என் பொண்டாட்டி பேச்சைக் கேட்காதே. ஸ்கோனை மட்டும் எடுத்துக்கோ.

பெட்ரா: எல்லாருமா அப்படி ஆடறாங்க?

யூனா: சின்னப் பிள்ளைங்ககூட. அந்த இடத்துல ஒரு கால் அந்தரத்துல நிற்கும். ஹோபார்ட் டவுன்காரங்கதான் அவசரப்பட்டுப் பக்கத்து ஆளை மிதிப்பாங்க.

பெட்ரா: நானும் ஹோபார்ட்தான்!

யூனா: உன் ஷூவைப் பார்த்ததுமே தெரிஞ்சுது.

பெட்ரா: சரி, எதுக்கு அந்த நாலாவது?

கிளாரி: பீர் கிளாஸ் பத்திரமா இருக்கான்னு பார்ப்பான்.

யூனா: சும்மா இரு கிளாரி. ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷன்.

கிளாரி: ஆமா. குடிக்கல... கல்யாணம் கட்டல...

பெட்ரா: இன்னைக்கு நான் பதிவு பண்றதுதான் நூலகத்துல இருக்கப் போகுது. இனி யார் கத்துக்கிட்டாலும் இதைக் கேட்டுத்தான். எப்படி வாசிக்கப் போறீங்க?

கிளாரி: மூணே தட்டு. நேரா.

யூனா: கிளாரி!

கிளாரி: என்ன?

யூனா: அது ‘லிண்ட்ஸே வால்ட்ஸ்’. யார்கிட்ட கத்துக்கிட்டோமோ அவங்க பேரைத்தானே பாட்டுக்கு வைப்போம் இங்க? பேரை வச்சுட்டு ஆளை வெட்டுவியா?

கிளாரி: ஒரு தட்டுதானே...

யூனா: அது போனா அவனே இல்ல.

கிளாரி: இந்தத் துடிப்புத் துடிக்கிறியே... நீ ஆடி எத்தனை வருஷம் ஆச்சு?

யூனா: அதுவா இப்போ பேச்சு?

கிளாரி: நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூட ஆடல.

யூனா: வீடு, பிள்ளைங்க, ஆப்பிள் தோட்டம்... எங்கே நேரம்?

பெட்ரா: நான் வேணா கொஞ்ச நேரம் வெளிய...

கிளாரி: உட்காரும்மா. மெஷின் ஓடட்டும்.

யூனா: கெஞ்சிக் கேட்கறேன் கிளாரி. அதை மட்டும் வெட்டாதே.

பெட்ரா: தப்பா நினைக்காதீங்க யூனா. அது தப்பு இல்லேன்னா, வேற என்ன?

யூனா: எனக்கு... எனக்குத் தெரியாதும்மா.

கிளாரி: எனக்குத் தெரியும். சின்ன வயசுல போலியோ வந்த கால் இவளுக்கு. மூணு தட்டுக்குள்ள திரும்ப முடியாது. அந்தக் கால் தரையில படற வரைக்கும் எங்க அண்ணன் வயலின் வில்லை இழுத்துப் பிடிச்சுக் காத்திருப்பான். அவன் இவ காலைப் பார்ப்பான். பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கிற நான், அவன் கண்ணைப் பார்ப்பேன். இவளைக் கட்டினது நான். இவ ஆடறதை விட்ட பிறகும் நாப்பது வருஷம் அவன் காத்துக்கிட்டேதான் வாசிச்சான்... அழாதே யூனா. எழுதிக்கோம்மா பெட்ரா, நாலு தட்டுதான். நாலாவது அவங்க ரெண்டு பேருக்கு. எனக்கு மூணு போதும்.