பச்சை ஒயர்

ஐயோ, இல்ல சார், வீடு மாறியெல்லாம் வரல நீங்க. வர்றவங்க எல்லாருமே வாசல்ல நின்னு கதவு நம்பரப் பாப்பாங்க, அப்புறம் என் மூஞ்சியப் பாப்பாங்க, அப்புறம் திரும்பவும் நம்பரப் பாப்பாங்க. வாங்க, உள்ள வாங்க. கதவ நான் சாத்திக்கறேன். எங்க ஐயா தான உங்களுக்குப் போன் பண்ணாரு? ஹாஸ்டல் கட்றோம், ரூமுக்கு ரூம் ஏசி, மாடிக்கு ஒரு வாஷிங் மெஷினு, சமையக்கட்டுக்குப் பெரிய ஃப்ரிட்ஜு, எல்லாத்தையும் உங்க கடையிலயே எடுத்துடலாம்னு? அதேதான். கட்டடம் பின்னாடி தெருவுல ஏறிட்டிருக்கு. இது சும்மா, வேலையாளு தங்கற வீடு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் நொண்டி. இதுல உக்காருங்க.

அந்தச் சத்தமா? பக்கத்துல மரம் அறுக்கற பட்டறை. பகல் பூரா இப்டித்தான். உள்ள ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளிய எவனுக்கும் கேக்காது. பழகிடும் சார்.

எங்க ஐயாவ நேர்ல பாத்ததில்லையே நீங்க? பேசினா தொண்டைக்குள்ள அண்டாவக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கும். இந்தாப்பா, வெலையப் பத்தி எனக்குக் கவல இல்ல, பொருளு காலத்துக்கும் ஓடணும், ஆமா! பாத்தீங்களா, நிமிந்து உக்காந்துட்டீங்க! அப்டியே இருக்குல்ல? எனக்குப் படிப்பு மண்டையில ஏறல சார். வாத்தியார் பாடம் நடத்துவாரு, நான் பின் பெஞ்சுல வாத்தியார நடத்துவேன். ஆனா காது மட்டும் சுத்தம். ஒரு தடவ ஒரு குரலக் கேட்டுட்டேன்னா அது எனக்குள்ள குடி வந்துடும், வாடகையும் குடுக்காது, காலியும் பண்ணாது.

ஐயா வர்ற வரைக்கும் சும்மா எதுக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு? எங்க வீட்டு ஃப்ரிட்ஜு கதையச் சொல்றேன் கேளுங்க. நீங்களும் இதே தொழில்ல இருக்கறவரு, ரசிப்பீங்க. சேச்சே, உங்க கடை எதுக்கு சார் இதுல வருது? பேரே சொல்லலையே நான். ஊர்ல கடைக்கா பஞ்சம்?

என் வீட்டுக்காரிக்கு ரொம்ப நாளா ஒரு ஃப்ரிட்ஜு வேணும்னு ஆச. அவ வேலைக்குப் போற வீட்டுல அவங்க ஃப்ரிட்ஜத் தொடைக்கும்போது கதவத் தொறந்து வெச்சுட்டு ஒரு நிமிசம் அப்டியே நிப்பாளாம். மூஞ்சில சில்லுனு அடிக்குமாம். சரின்னு ஒண்ணு எடுத்தோம். இறக்கி வெச்ச அன்னிக்கு அதுக்குத் துணி தைச்சுப் போத்திவிட்டா. குளுருக்குன்னே இருக்கற சாமானுக்குப் போர்வையா டீன்னு கேட்டேன். கரண்டியத் தூக்கிட்டு வந்துட்டா.

அப்புறம் பாத்தா, மோட்டர் ஓடத் தொடங்கினா வீட்டு மெயின் சுவிட்சு தானா விழுது. தூக்கி விடுவேன். டப்புனு விழும். பால் திரிஞ்சு போச்சு, எனக்கும் அவளுக்கும் பேச்சும் திரிஞ்சு போச்சு. கடைக்குப் போன் பண்ணேன்.

இங்கதான் சார் தமாஷு. மொதல்ல ஒரு பொண்ணு எடுத்துச்சு. வணக்கம்ங்க, உங்க கம்ப்ளைண்ட எழுதிக்கிட்டேங்க, கவலப்படாதீங்க, புரியுதுங்களா? தேன் மாதிரி கொரலு. ஆளு வரல. மறுபடி பண்ணேன், சர்வீஸுக்குக் குடுக்கறேங்கன்னுச்சு. அங்க ஒரு முரட்டு ஆளு. யோவ், நாங்க என்ன சும்மாவா உக்காந்திருக்கோம், உங்க வீட்டு ஒயரிங் சரியில்ல, புரியுதா? ஆளு வரல. கோவம் வந்து சத்தம் போட்டேன், ஹெட் ஆபீஸுக்கு லைன் குடுத்தாங்க. அங்க ஒரு பெரிய மனுசன், பாதி இங்கிலீஷு. மிஸ்டர், ஐ வில் டேக் ஆக்சன், எங்க கம்பெனிக்குப் பேர் முக்கியம், புரியுதா மிஸ்டர்?

என்ன சார், தண்ணி வேணுமா? மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே. வெக்கையா இருக்கும்.

நான் என் வீட்டுக்காரிகிட்ட இந்த மூணு பேரையும் பண்ணிக் காட்டுவேன். தரையில உருண்டு சிரிப்பா. ஒரு நாள் பண்ணிட்டிருக்கும்போதே எனக்கே பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா மூணு பேரப் பண்றதுக்கும் நான் மூச்ச ஒரே எடத்துல இழுக்கறேன் சார். புரியுதுங்களாவுக்கு முன்னாடி மூக்குல ஒரு உறிஞ்சல், ஸ்க்... இப்டி. பொண்ணுக்கும் அதே உறிஞ்சல், முரடனுக்கும் அதே, பெரிய மனுசனுக்கும் அதே. பின்னால ஒரு ஃபேனு வேற. கிரீச்... டக். கிரீச்... டக். வேற ஊர்ல இருக்கற ஹெட் ஆபீஸுலயும் அதே ஃபேனா சுத்தும்? ஒரே ஆளு சார்! ஒத்த ஆளு, ஒரு கடையில உக்காந்துட்டு, மூணு பேரா நடிச்சு என்ன அலைய விட்டிருக்கான்!

சத்தியமாச் சொல்றேன், எனக்குக் கோவம் வரல. அட, நம்ம ஜாதிடா இவன்னு சந்தோசம்தான் வந்துச்சு. அந்தப் பொண்ணு குரலெல்லாம் லேசுல வராது சார். பாராட்டணும்.

உக்காருங்க, உக்காருங்க. ஐயா வர்ற நேரம்தான்.

கடைசில ஒரு மெக்கானிக் வந்தான். நல்ல பையன். பின்னாடி கழட்டிப் பாத்துட்டு, அண்ணே, மோட்டர்ல கரெண்டு கசியுது, அதான் மெயின் விழுது, மோட்டர மாத்தணும்னான். முதலாளியக் கேக்கறேன்னு போனப் போட்டான், கையில ஒயர் இருந்ததால ஸ்பீக்கர்ல போட்டான். அன்னிக்குத்தான் சார் அசல் குரலக் கேட்டேன். தேனுமில்ல, முரடுமில்ல, இங்கிலீஷுமில்ல. சாதாரணமா, பல்லு குத்திக்கிட்டே பேசற மாதிரி. மோட்டரெல்லாம் மாத்தாத. அந்தப் பச்சை ஒயர வெட்டி விட்டுட்டு வா. மெயின் விழாது, போனும் வராது. ஸ்க்... புரியுதா? பின்னால கிரீச்... டக்.

அந்தப் பையன் கொஞ்ச நேரம் ஒயரையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் வெட்டினான். வெட்டிட்டு என் வீட்டுக்காரிகிட்ட, அக்கா, செருப்பு போட்டுட்டுத் தொறங்கன்னுட்டுப் போனான். என் மூஞ்சியப் பாக்கல.

ஆமா சார், உங்களுக்குத் தெரியாததா. கசியற கரெண்ட மண்ணுக்குக் கொண்டுபோறது அந்தப் பச்சை ஒயருதான். அத வெட்டிட்டா கரெண்டு எங்கயும் போகாம பொட்டி மேலயே குந்திக்கும், யாராச்சும் வந்து தொடட்டும்னு. எனக்கு அன்னிக்கு இதெல்லாம் தெரியாது. மெயின் விழல, பால் திரியல, அம்புட்டுதான் தெரியும்.

அப்புறம் ஃப்ரிட்ஜு அடிக்க ஆரம்பிச்சுது. தொட்டா சுருக்குனு. என் வீட்டுக்காரி அதுக்கு மாமியார்னு பேர் வெச்சுட்டா. கிட்டப் போனாலே அடிக்குதேங்க, உங்கம்மா கூட சொல்லிட்டுதான் அடிப்பாங்கன்னுவா. செருப்பு, கையில சுத்திக்க ஒரு துண்டு, அப்புறம் தட்டிட்டு, அத்தை உள்ள வரலாமான்னு கேட்டுட்டுதான் தொறப்பா. என் மச்சான் ஒரு நாள் வந்தான். தண்ணி எடுக்கறேன்னு வெறுங்காலோட போய்ப் பிடியப் பிடிச்சான் பாருங்க, ஒரு ஆட்டம்! ஊய்னு கத்திட்டுக் கைய உதறிட்டு அந்தச் செவுத்துல வந்து ஒட்டிக்கிட்டான். அவன் போனப்புறம் அந்த ஆட்டத்த நான் ஆடிக் காட்ட, அவ ஆடிக் காட்ட, ஒரு வாரம் எங்களுக்கு வேற பொழுதுபோக்கே தேவப்படல.

இடையில போன் பண்ணாம இல்ல. பண்ணேன். தேன் எழுதிக்கிச்சு. முரடு திட்டிச்சு. இங்கிலீஷு ஆக்சன் எடுத்துச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம. அவ சமையக்கட்டத் தண்ணி ஊத்திக் கழுவிட்டு இருந்தா. செருப்பக் கழட்டிட்டா போல. நான் இங்க, இதே எடத்துல உக்காந்து தாடிய வழிச்சுட்டு இருக்கேன். உள்ள இருந்து ஊய்ங்கற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் பாத்திரம் விழற சத்தம். மச்சான் மாதிரியே ஆடிக் காட்றா போலன்னு நான் இங்கருந்தே சிரிச்சேன் சார். நல்லா சிரிச்சேன். இன்னொரு தரம் ஆடுடீன்னு கூடச் சொன்னேன்.

...

பரவால்ல விடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சு. அவள வண்டியில இருந்து எறக்கினப்ப கையில இன்னும் அந்தப் பிடியோட அச்சு இருந்துச்சு.

காரியமெல்லாம் ஆனப்புறம் கடைக்குப் போன் பண்ணேன். தேனப் பேசவே விடல நான், ஹெட் ஆபீஸக் குடுன்னேன். பெரிய மனுசன் வந்தாரு. சொன்னேன். பின்னால அதே கிரீச்... டக். அப்புறம், மிஸ்டர், எங்க மெஷின்ல கரெண்டு கசியறதுக்கு சான்ஸே இல்ல, உங்க சம்சாரத்துக்கு ஏற்கனவே நெஞ்சு வீக்கா இருந்திருக்கும், எங்க வேணா வர்றேன், எவன் முன்னாடி வேணா நானே வெறுங்கையால தொறந்து காட்றேன், ஸ்க்... புரியுதா மிஸ்டர்? அப்டின்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. எழுதிக் குடுத்தேன் சார், ஸ்டேஷன்லயும். அவங்க கேட்டதுக்கும் அதேதான் சொல்லியிருக்காரு. வீட்டு ஒயரிங்குன்னு முடிச்சுட்டாங்க.

எந்திரிக்காதீங்க சார். இவ்ளோ நேரம் உக்காந்துட்டீங்க.

ஐயாவா? ஐயா வரமாட்டாரு. இந்தாப்பா, வெலையப் பத்தி எனக்குக் கவல இல்ல, பொருளு காலத்துக்கும் ஓடணும், ஆமா! இதுதான் ஐயா. வேற யாரும் கெடையாது. ஹாஸ்டலும் கெடையாது, பின்னாடி தெருவுல குட்டச்செவுரு தான் இருக்கு. என்ன சார் இப்டிப் பாக்கறீங்க? நீங்க மூணு பேரா வந்தீங்க, நான் ஒருத்தரா வந்தேன். அதுவும் பணக்காரன் குரல். உங்களுக்குப் பிடிச்ச குரலாச்சே.

சத்தியமா உங்கள நான் ஒரு அடி அடிக்க மாட்டேன். விரல் கூடப் படாது. கத்தியா? பாருங்க, ரெண்டு கையும் வெறுங்கை. உங்களுக்கு ஏன் இப்டி வேர்க்குது?

போனா? தாராளமாப் பண்ணுங்க. யாருக்குப் பண்ணுவீங்க, கடைக்கா? அடிச்சுட்டே இருக்கும் சார், எடுக்க ஆளு வேணும்ல. தேனு, முரடு, ஹெட் ஆபீஸு, மூணு பேரும் என் முன்னாடிதான உக்காந்திருக்காங்க. போலீசுக்குப் பண்ணுங்க, நல்லது, வரட்டும். வந்தா என்ன சொல்லுவீங்க, இவன் என்ன ஒரு ஃப்ரிட்ஜத் தொறக்கச் சொல்றான், எனக்குப் பயமா இருக்குன்னா? அதச் சொல்லுங்க சார். அத உங்க அசல் குரல்ல, ஒருத்தன் முன்னாடியாச்சும் சொல்லுங்க. அது போதும் எனக்கு. சொல்லிட்டா கதவ ஒடைச்சாவது உங்கள வெளிய விட்டுடறேன்.

சொல்ல மாட்டீங்களா? போன ஏன் பையில போட்டுக்கறீங்க?

சரி. அப்ப நம்ம மெஷின்ல ஒண்ணுமே இல்லன்னு ஆகுது. அந்த வாசப்படி வழியா நேரா போங்க, சமையக்கட்டுல வலது பக்கம். அவ தைச்ச போர்வை அப்டியே இருக்கும். நான் அத எடுக்கவே இல்ல. துண்டெல்லாம் எதுக்கு சார்? வெறுங்கைன்னு நீங்க தான சொன்னீங்க. மெயின் சுவிட்சு வெளிய இருக்கு, இப்ப ஆன்லதான் இருக்கு.

அட, வாசக் கதவ ஏன் அந்த இழு இழுக்கறீங்க? அது இழுத்துச் சாத்தினா தானா பூட்டிக்கற பூட்டு. உள்ள இருந்து தொறக்கறதுக்கும் சாவி வேணும்.

சாவியா? காலையிலயே மெயின அணைச்சுட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டேன் சார், முட்ட வெக்கற குழியில.